உயிர்த்த ஞாயிறுக்குப் பின் வந்த மூன்று வாரங்கள்: நாடு நிதானமாகத்தான் நடந்துகொண்டதா?

கேள்வி

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தபோது நான் தரம் 8 இல் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது சட்டம் படிக்கிறேன். பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் ஓர் அரசு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. அந்த நாள்களைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் எல்லோரும் குறைதான் சொல்கிறார்கள். என் கணக்கு வேறு. தாக்குதல் நடந்த அன்றே ஊரடங்கு, சமூக ஊடகத் தடை, மறுநாள் நள்ளிரவு முதல் அவசரகாலச் சட்டம் என்று அரசு வேகமாக இயங்கியதால்தான் மே 13 வரை ஏறத்தாழ மூன்று வாரங்கள் பெரிய கலவரம் வெடிக்கவில்லை. 1983 இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம். அந்த மூன்று வாரங்களில் நாடு நிதானமாகவே நடந்துகொண்டது என்று எழுதினால் தவறா?

22 ஏப்ரல் 2025

தவறென்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன், தம்பி. நான் கொழும்புக் கொட்டாஞ்சேனைக்காரன், ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் முப்பத்தைந்து ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். அன்று குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்துபோகப் பத்து நிமிடம்கூட ஆகாது. நான் சைவன்தான், ஆனாலும் செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றாவிட்டால் வாரம் ஓடாது. எங்கள் பகுதியில் சைவர்களும் பௌத்தர்களும் சில முஸ்லிம்களும்கூட இப்படித்தான். அன்று காலை எட்டே முக்காலுக்கு அந்தச் சத்தம் கேட்டபோது, புத்தாண்டுக்கு வாங்கி மிஞ்சிய வெடியை யாரோ கொளுத்திவிட்டார்கள் என்று மனைவி சொன்னார். துறைமுகத்தில் கொள்கலன் ஏதோ விழுந்திருக்கும் என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அம்புலன்ஸ் சத்தம் நிற்கவே இல்லை.

நீங்கள் சொல்லும் முன்னேற்றம் இருந்தது உண்மை. 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்ட மறுநாளே, பொரளை கனத்தை மயானத்தில் தொடங்கிய வன்முறை கொழும்பு முழுவதும் பரவியது, ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தன நாட்டுக்கு உரையாற்ற ஜூலை 28 வரை எடுத்துக்கொண்டார், அந்த உரையிலும் வீடிழந்த தமிழனுக்கு ஓர் ஆறுதல் சொல் இருக்கவில்லை. 2019 இல் அப்படி நடக்கவில்லை. கர்தினால் மெல்கம் ரஞ்சித் முதல் நாளிலிருந்தே சட்டத்தைக் கையில் எடுக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். ஏப்ரல் 23 காலை எட்டரைக்கு நாடு மூன்று நிமிடம் அசையாமல் நின்றது. இரத்தம் கொடுக்க வந்தவர்களை இரத்த வங்கி, போதும், பிறகு வாருங்கள் என்று திருப்பியனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் பகுதி முஸ்லிம் கடைகளில் வெள்ளைக் கொடி பறந்தது. தற்கொலைதாரிகளின் உடல்களை எந்தப் பள்ளிவாசலும் ஏற்காது என்று இஸ்லாமிய அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது.

ஆகவே மூன்று வாரங்கள் ஓரளவு நிதானம் இருந்தது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குக் காரணம் அவசரகாலச் சட்டம் என்று நீங்கள் சொல்வதில்தான் எனக்குச் சந்தேகம். சமூக ஊடகத் தடையை அப்போது நானும் ஆதரித்தேன். இரண்டே நாளில் என் அக்காவின் பேரன் தொலைபேசியில் ஒரு வி.பி.என். இறக்கித் தந்தான், தடை நீங்கிய ஏப்ரல் 30 வரை என் தொலைபேசி நெதர்லாந்தில்தான் குடியிருந்தது. ஊரில் பலருக்கும் அப்படித்தான். குழாய்த் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்ற வதந்தி தடை இருந்தபோதே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது, அதுவும் பால்காரர் வாய்வழியாக. அதே தடை நாள்களில்தான், தாக்குதலைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்த பொலிஸ் கடிதத்தின் படம் எனக்கு வட்ஸ்அப்பில் வந்தது. வதந்தியையும் உண்மையையும் தடை ஒரே வடியில்தான் வடித்தது.

23 ஏப்ரல் 2025, காலை

ஒரு திருத்தம். அந்தக் கடிதத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது வட்ஸ்அப் இல்லை. அப்போது தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த ஹரின் பெர்னாண்டோ அதை டுவிட்டரில் வெளியிட்டார். டுவிட்டர் தடைப் பட்டியலில் இருக்கவில்லை. எனக்கு வட்ஸ்அப்பில் வந்தது அதன் பிரதி. தொலைத்தொடர்புக்கே பொறுப்பான அமைச்சர், தம் அரசு அறிந்தும் சும்மா இருந்தது என்பதை, தடைக்குத் தப்பிய ஒரு வாசல் வழியாகச் சொன்னார் என்பது கட்டுரைக்கு உதவக்கூடும்.

25 ஏப்ரல் 2025

நீங்கள் தம்பி இல்லை, மகள் என்று தனிமடலில் தெரிவித்திருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும். முப்பது ஆண்டு ஆசிரியத் தொழில் பார்த்தவனுக்குச் சட்டம் படிக்கும் பிள்ளை என்றவுடன் ஆண்பிள்ளை நினைவுக்கு வந்தது வெட்கம்தான்.

நாடு நிதானமாக நடந்தது என்பதற்கு எதிராக ஒரு காட்சி. மே முதல் வாரத்தில் மட்டக்களப்பில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் பஸ்ஸில் போனேன். அங்கே குண்டு வெடித்த சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானோர் சிறுபிள்ளைகள். ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி அக்காவின் ஒழுங்கையைச் சேர்ந்தவள். பொலன்னறுவையைத் தாண்டிய ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். போர்க்காலம் முழுவதும் அந்தப் பாதையில் போய்வந்தவன் நான். கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் அடையாள அட்டையை எடுத்தது, கால் தானாக இறங்கத் தயாரானது. சிப்பாய் என் அட்டையைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், சிங்களத்தில், ஐயா உட்காருங்கள் என்றார். எனக்குப் பின்னால் இருந்த, தொப்பி அணிந்த பெரியவரையும் அவருடைய மகளையும் இறங்கச் சொன்னார். பைகள் தார் வீதியில் கொட்டப்பட்டன. ஒரு போத்தலில் இருந்த தேங்காய் எண்ணெயை அந்தப் பெண்ணே திறந்து முகர்ந்து காட்ட வேண்டியிருந்தது.

பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த தமிழர்களாகிய நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. என் நெஞ்சில் அப்போது எழுந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்: முதலில் வந்தது ஆறுதல். இந்த முறை நான் இல்லை என்ற ஆறுதல். 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையிலிருந்து லொறியில் ஏற்றப்பட்ட இளைஞர்களில் நானும் ஒருவன். இரண்டு இரவுகள் தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்படிப்பட்ட எனக்கே முதலில் வந்தது ஆறுதல்தான்.

25 ஏப்ரல் 2025, இரவு

பாரமாகப் போய்விட்டது. ஒரு சின்ன விஷயம். பாடசாலைகள் மே 6 அன்று மேல் வகுப்புகளுக்குத் திறந்தபோது வரவு மிகக் குறைவு. பெற்றோரே வாசலில் முறைவைத்து நின்று பைகளைச் சோதித்தார்கள். எங்கள் பாடசாலையில் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பை கொண்டுவரச் சொன்னோம். ஒரு வாரத்தில் அந்தப் பை மங்கிக் கீறல் விழுந்து பழைய பைபோல் ஆகிவிட்டது. அதற்கிடையில் யார் வீட்டில் பாணும் சம்பலும், யார் வீட்டில் முட்டைப் பொரியல் என்பதெல்லாம் பாடசாலை முழுவதற்கும் தெரிந்தது. கணக்குப் பாடத்தில் 17 புள்ளி எடுத்த ஒருவனின் விடைத்தாள் பையின் சுவரில் ஒட்டிக்கொண்டு அவன் போகுமிடமெல்லாம் போனது. பாதுகாப்பு நடவடிக்கை எதுவும் வீண் என்று சொல்லவில்லை. அந்தப் பை எவரையும் காப்பாற்றியிருக்காது, ஆனால் பிள்ளையை அனுப்பும் தாய்க்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டது.

28 ஏப்ரல் 2025

கடிதத்துக்குத் திரும்புகிறேன், ஏனெனில் உங்கள் கட்டுரையின் நடுமுதுகு அதுவாகத்தான் இருக்க முடியும்.

ஏப்ரல் 4 அன்றே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 9 அன்று தேசியப் புலனாய்வுத் தலைவர் பொலிஸ் மாஅதிபருக்கு எழுதினார். ஏப்ரல் 11 அன்று பிரதிப் பொலிஸ் மாஅதிபர் ஒருவர் பிரமுகர் பாதுகாப்புப் பிரிவுகளுக்கு அதை அனுப்பினார். தேசிய தௌஹீத் ஜமாஅத், அதன் தலைவர் ஸஹ்ரான் ஹாஷிம், தேவாலயங்கள், இந்திய உயர் ஸ்தானிகராலயம் என்று அமைப்பும் ஆளும் இலக்கும் அதில் இருந்தன. பிரமுகர்களைக் காக்கும் பிரிவுகளுக்குத் தாள் போனது. குண்டு வெடித்த கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்தின் பங்குத்தந்தைக்குப் போகவில்லை. பெரிய இடங்களில் சிலர் காதோடு காதாக அறிந்திருந்தார்கள் என்பதும், தம் தந்தையே தம்மை எச்சரித்ததாக அமைச்சர் ஹரின் சொன்னதும் பின்னர் வெளிவந்தன.

தாள் ஏன் இறந்தது என்பதற்குக் காரணம் தேடினால் 2018 ஒக்டோபருக்குப் போக வேண்டும். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கியதும், நாடாளுமன்றத்தைக் கலைத்ததும், அந்தக் கலைப்பை உயர் நீதிமன்றம் செல்லாதென்றதும், ரணில் மீண்டும் பிரதமரானதும் நினைவிருக்கலாம். அந்தச் சண்டைக்குப் பிறகு தேசியப் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமர் அழைக்கப்படவில்லை. தாக்குதல் நடந்த அன்று ஜனாதிபதி சிங்கப்பூரில் இருந்தார். தமக்குச் சொல்லப்படவில்லை என்றார் ஜனாதிபதி. தமக்கும் சொல்லப்படவில்லை என்றார் பிரதமர். ஒரு வீட்டில் புருஷனும் மனைவியும் பேசாமல் பிள்ளையைத் தூது விடுவதுபோல் ஒரு நாடு நடந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்பும் அறிகுறிகள் வரிசையாக நின்றன. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூபி முஸ்லிம்களோடு ஸஹ்ரானின் ஆட்கள் மோதினார்கள், அவர் தலைமறைவானார். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. 2019 ஜனவரியில் வண்ணாத்திவில்லுவில் வெடிபொருள் களஞ்சியம் பிடிபட்டது. அவரைப் பற்றி முதலில் முறையிட்டவர்கள் முஸ்லிம்கள் என்பதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். தாக்குதலுக்குப் பிறகு, நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று நாடு கேட்டது அவர்களைத்தான்.

இப்போது இரண்டு காலவரிசைகளை அருகருகே வையுங்கள். முகத்தை மூடும் உடைக்குத் தடை: தாக்குதலிலிருந்து எட்டாம் நாள், ஏப்ரல் 29. கடமை தவறியவர்கள் நட்டஈடு செலுத்த வேண்டும் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பு: 2023 ஜனவரி 12. முன்னாள் ஜனாதிபதிக்கு 10 கோடி ரூபாய், முன்னாள் பொலிஸ் மாஅதிபர் பூஜித் ஜயசுந்தரவுக்கும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தனவுக்கும் 7.5 கோடி வீதம், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோவுக்கு 5 கோடி, முன்னாள் தேசியப் புலனாய்வுத் தலைவர் சிசிர மெண்டிஸுக்கு 1 கோடி. முன்னையதற்கு எட்டு நாள், பின்னையதற்கு மூன்றே முக்கால் ஆண்டு. அதுவும் பாதிக்கப்பட்டவர்கள் தரப்பு அடிப்படை உரிமை மனு போட்டு வாதாடியதால் வந்தது. அரசு தானாகக் கொடுத்தது இல்லை. தம்மிடம் அவ்வளவு பணம் இல்லை, நண்பர்களிடம் சேர்க்க வேண்டும் என்று சிறிசேன சொன்னபோது எங்கள் ஒழுங்கையில் சிரிக்காதவர் இல்லை. ஆனால் கட்டுவாப்பிட்டியில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

நடுவில் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்றத் தெரிவுக்குழு 2019 ஒக்டோபரில் அறிக்கை தந்தது. அதன் விசாரணைகள் தொலைக்காட்சியில் ஓடியபோது ஜனாதிபதிக்கே பொறுக்கவில்லை. ஜனாதிபதி ஆணைக்குழு 2021 பெப்ரவரியில் தந்தது. தாக்குதல் நடந்து ஒரு வாரத்துக்குள் தாம் போட்டியிடுவதாகச் சொன்ன கோட்டாபய ராஜபக்ச, பாதுகாப்பைப் பேசி, 2019 நவம்பரில் 52.25 வீத வாக்குகளோடு வென்றார். நீதி தருவேன் என்றவரிடம் நீதி கேட்டுக் கர்தினாலே பின்னர் தெருவுக்கு வர வேண்டியிருந்தது.

2 மே 2025

நியூசிலாந்தோடு ஒப்பிடச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டது 2019 மார்ச் 15 இல், எங்கள் தாக்குதலுக்கு ஐந்து வாரம் முன்பு. ஏப்ரல் 10 இல் அவர்கள் நாடாளுமன்றம் துப்பாக்கிச் சட்டத் திருத்தத்தை 119க்கு 1 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. அவர்கள் கை வைத்தது பெரும்பான்மையினர் கையிலிருந்த பொருள் மீது. எங்கள் அரசு கை வைத்தது சிறுபான்மைப் பெண்ணின் முகத்துணி மீது. ஒப்பீட்டை இதற்குமேல் இழுக்க வேண்டாம். முப்பது ஆண்டுப் போரிலிருந்து எழுந்த நாட்டையும் அந்த நாட்டையும் ஒரே தராசில் நிறுப்பது சரியில்லை. எங்கள் தாக்குதல் கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பழிவாங்கல் என்று பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னதைக் கட்டுரையில் சேர்ப்பதாயிருந்தால், ஆதாரம் காட்டப்படவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எங்களோடு ஒப்பிட எங்களிடமே ஆவணம் உண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் தற்காலிக ஏற்பாடுகள் என்ற பெயரில் வந்து 1982 இல் நிரந்தரமானது. அவசரகால நிலை 2019 ஓகஸ்ட் 22 இல் முடிந்தது. தடைச் சட்டம் முடியவில்லை. தாக்குதல் நடந்து ஓராண்டுக்குப் பிறகு, 2020 மே மாதத்தில், மன்னார்ப் பக்கத்து இளங்கவிஞர் ஒருவர் தமிழில் எழுதிய கவிதைகளுக்காக அந்தச் சட்டத்தில் கைதானார். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. கவிதை தமிழில் இருந்தது, படித்துக் குற்றம் கண்டவர்களுக்குத் தமிழ் எவ்வளவு தெரிந்திருந்தது என்று தமிழாசிரியனான எனக்கு இன்றும் ஐயம்.

5 மே 2025

நீர்கொழும்பிலும் ஒரு கொச்சிக்கடை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று இன்று ஒருவருக்கு நேரில் விளக்க வேண்டி வந்ததால் இதையும் எழுதிவைக்கிறேன். 2019 மே 5 இல் கைகலப்பு நடந்தது அந்தப் பக்கத்துப் போருதொட்டையில், கத்தோலிக்கருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில். ஆகவே உங்கள் மூன்று வார அமைதி இரண்டாம் வாரத்திலேயே கீறல் கண்டது. கர்தினால் அன்றே குரல் கொடுத்தார், பகுதியில் மதுவிற்பனையை நிறுத்துங்கள் என்றுகூடக் கேட்டார். தீ அங்கேயே அணைந்தது. மே 13 இல் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை என்று பரவியபோது பள்ளிவாசல்களும் கடைகளும் எரிந்தன, ஒருவர் தம் தச்சுப்பட்டறையில் வெட்டிக் கொல்லப்பட்டார். நான் அறிந்தவரை, அங்கே உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் கல்லெறியவில்லை. எறிந்தவர்கள் பெரும்பாலும் ஏப்ரல் 21 இல் யாரையும் இழக்காதவர்கள். கட்டுரையில் இதற்குத் தனிப் பத்தி தர வேண்டும்.

நீர்கொழும்பைப் பற்றி இன்னொன்று. பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் உயிருக்குப் பயந்து ஓடிவந்து அங்கே வாடகைக்கு இருந்த ஆயிரம் பேரளவிலான அகதிகளை, தாக்குதல் நடந்த சில நாள்களுக்குள் வீட்டுக்காரர்கள் வெளியேற்றினார்கள். பலர் அஹ்மதியா என்ற முஸ்லிம் பிரிவினர், தங்கள் நாட்டில் தீவிரவாதிகளிடம் அடிவாங்கியவர்கள். பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் பாய் விரித்துப் படுத்தார்கள். இது கலவரக் கணக்கில் வராது. கண்ணாடி உடையவில்லை, யாரும் கைதாகவில்லை. வீட்டுக்காரர், மன்னிக்க வேண்டும், சூழ்நிலை சரியில்லை என்று சொல்லியிருப்பார். எனக்கு அந்த வாக்கியம் நன்றாகத் தெரியும்.

9 மே 2025

நேற்று முன்தினம் முழுவதும் இதை எழுதுவதா விடுவதா என்றிருந்தேன். ஏப்ரல் 25 குறிப்பில் பஸ்ஸில் வாய் திறக்காமல் இருந்ததைச் சொல்லி, அத்தோடு என் கணக்கு முடிந்ததுபோல் எழுதியிருக்கிறேன். முடியவில்லை.

எங்கள் வீட்டு மேலறையில் கல்முனைப் பக்கத்துப் பையன் ஒருவன் வாடகைக்கு இருந்தான். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினான். இரண்டு ஆண்டு. நோன்பு காலத்தில் கஞ்சி கொண்டுவந்து தருவான்; பொங்கலுக்கு நாங்கள் கொடுப்போம். தாக்குதலுக்குப் பிறகு அவன் தாடியை மழித்துவிட்டான், நாங்கள் கேட்காமலே. ஒரு நாள் இரவு அறையில் அரபு எழுத்துள்ள புத்தகங்களை எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. சாய்ந்தமருதில் ஏப்ரல் 26 இரவு படையினர் சுற்றிவளைத்த வீட்டில் ஸஹ்ரானின் உறவினர்கள் குண்டுகளை வெடிக்கவைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த அயலவர்கள், அது அவனுடைய ஊர்ப் பக்கந்தானே என்று கேட்கத் தொடங்கினார்கள்.

மே 13 கலவரத்துக்குப் பிறகு அவனைக் கூப்பிட்டுப் பேசினேன். தம்பி, சூழ்நிலை சரியில்லை, உமக்கு ஏதாவது நடந்தால் தாய் தகப்பனுக்கு நான் என்ன பதில் சொல்வது, கொஞ்ச நாள் ஊரில் இருந்துவிட்டு வாரும் என்றேன். அவனுடைய பாதுகாப்புக்காகத்தான் சொன்னேன் என்று அன்றும் நம்பினேன், இப்போதும் பெருமளவு நம்புகிறேன். அவன் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. முற்பணத்தை முழுமையாகக் கையில் கொடுத்தேன். மறுநாள் அறையைப் பெருக்கப் போன மனைவி, உப்புப் போத்தலுக்கு அடியில் மடித்து வைத்த 640 ரூபாயைக் கொண்டுவந்தார். அந்த மாத மின்கட்டணத்தில் அவனுடைய பங்கு. பில் வந்தபோது பார்த்தேன், நாலு ரூபாய்தான் வித்தியாசம்.

10 மே 2025

அனுதாபம் தெரிவித்து எழுதியவர்களுக்கு நன்றி. எனக்கு அது தேவையில்லை. அவனுடைய பழைய இலக்கத்துக்கு அழைத்துப் பார்த்தேன். இப்போது அது பதுளையில் ஒரு பெண்மணியிடம் இருக்கிறது.

13 மே 2025

கட்டுரையில் எண்களைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கை. முதல் வாரப் பத்திரிகைகளை வைத்து எழுதினால் இறந்தவர் 359 என்று எழுதிவிடுவீர்கள். ஏப்ரல் 25 அன்று சுகாதார அமைச்சே அதை 253 அளவுக்குக் குறைத்தது. சிதைந்த உடல்களை இருமுறை எண்ணிவிட்டதாக விளக்கம். பின்னர் காயமடைந்தவர்கள் சிலர் இறந்ததால் இப்போது 270 அளவில் சொல்லப்படுகிறது. ஏப்ரல் 25 அன்றே பொலிஸார் வெளியிட்ட தேடப்படுவோர் படங்களில் ஒன்று, அப்போது அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த, சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பெண்ணுடையது. மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள். அவசரத்தில் இறந்தவர் தொகையும் தவறியது, உயிரோடிருப்பவர் முகமும் தவறியது.

உடல்கள் என்றதும் கள்ளியங்காடு நினைவுக்கு வருகிறது. சீயோன் தற்கொலைதாரியின் உடற்பாகங்களை 2019 ஓகஸ்டில் மட்டக்களப்புக் கள்ளியங்காடு இந்து மயானத்தில் அதிகாரிகள் புதைத்தார்கள். ஊர் கொதித்தது, மறியல் செய்தவர்கள் மீது கண்ணீர்ப்புகை அடித்தார்கள், பிறகு நீதிமன்ற உத்தரவோடு தோண்டி எடுத்தார்கள். அக்காவும் அந்த மறியலில் நின்றார். எழுபது வயதில் கண்ணீர்ப்புகை குடித்த கதையை இன்றும் சிரித்துக்கொண்டு சொல்வார்: போர் முழுவதும் தப்பியவளை ஒரு செத்தவனின் தலை அழ வைத்தது என்பார். முஸ்லிம் மையவாடி ஏற்கவில்லை, இந்து மயானம் ஏற்கவில்லை; சட்டப்படி எங்கே புதைப்பது என்று யாரும் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. உங்கள் பாடநூலில் இதற்கு ஏதாவது விதி இருந்தால் எழுதுங்கள், அறிய விரும்புகிறேன்.

14 ஜூன் 2025

கட்டுரை கொடுத்துவிட்டீர்கள் என்று அறிந்தேன். "மூன்று வார நிதானம்" என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறீர்களாம். நல்லது. ஆனால் என் பங்குக்கு ஒரு திருத்தம் மீதமிருக்கிறது, அதைக் கட்டுரை போன பிறகுதான் கண்டுபிடித்தேன்.

நேற்று அந்தோனியார் திருநாள். மட்டக்களப்பிலிருந்து அக்கா குடும்பம் வருவதால் மேலறையைத் துப்புரவாக்கினோம். 2019 இல் கோயில் திருநாளுக்கு முதல் நாள்தான், ஜூன் 12 அன்று, ஏழே வாரத்தில் மீண்டும் திறந்தது. அந்த ஆண்டு நெரிசலில் நின்றது நினைவுக்கு வந்து, அப்போதைய தாள்களைப் போட்டுவைத்த பெட்டியையும் இறக்கினேன். தண்ணீர் பில், பாடசாலைச் சுற்றறிக்கை, இவற்றுக்கு நடுவில் வீட்டில் வசிப்போர் விவரப் படிவத்தின் நிழற்பிரதி. தாக்குதலுக்குப் பிறகு எங்கள் ஒழுங்கைக்கு வந்த படிவம். போர்க்காலத்தில் இப்படி எத்தனையோ நிரப்பியவன் என்பதால் எதற்கும் இருக்கட்டும் என்று பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

மூன்று பெயர்கள் எழுதியிருக்கிறேன்: நான், மனைவி, மகன். வாடகைக்கு இருப்போர் என்ற கட்டத்தில் "இல்லை" என்று என் கையெழுத்து. கீழே திகதி 2019 மே 3.

மே 13 கலவரத்துக்குப் பிறகு, அவனுடைய பாதுகாப்புக்காக அனுப்பினேன் என்று மே 9 குறிப்பில் எழுதியது தவறு. மனைவியிடம் கேட்டேன். படிவம் வந்த அன்று மாலையே பேசினீர்கள், மறுநாள் விடியக் கல்முனைப் பஸ்ஸுக்கு அவன் போய்விட்டான், படிவத்தை அதற்குப் பிறகுதான் நிரப்பினீர்கள் என்றார்.